தெருமுனைத் தீயறிவிப்புப் பெட்டி

தோற்றுவாய்

கெடிலக் கரையிலுள்ள திருவதிகை அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. வானில் இயங்கிய மூன்று கோட்டைகள் ஒரு நொடியில் வெந்து நீறான கதையை அத்தலத்தோடு இணைத்துப் பெரியோர் சொல்லி வந்தனர். தமிழ் பயில்வோர்க்கு அக்கதை புதிதன்று. மதுரை மாநகர் தீயுண்ட சிலப்பதிகாரச் செய்தியும் புதிதன்று. அக்கதைகளிற் கண்ட தீ மானிட ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகலின், அதனைத் தடுப்பார் எவரும் இலர். ஆனால் நம் தெருக்களில் எழும் தீ அத்தகையதன்று. அடுப்பில் எஞ்சிய கங்கு, கவிழ்ந்த விளக்கு, பழுதுற்ற மின்கம்பி, அணையாத பீடித்துண்டு ஆகிய சிறு காரணங்களிலிருந்து அது பிறக்கின்றது. பிறந்த பொழுதிலேயே கண்டால் ஒரு குடம் நீரும் அதனை அவிக்கும். சிறிது தாழ்த்தால் ஒரு தெருவே அதற்கு இரையாகும். ஆகவே தீயணைத்தற் கலையின் முதற் பகுதி நீர் இறைத்தலன்று. உரியவர்க்கு உரிய காலத்திற் செய்தி அறிவித்தலேயாம்.

அவ்வறிவிப்புக்கென மேனாட்டு நகரங்களிலும், நம் நாட்டின் பெருநகரங்கள் சிலவற்றிலும் தெருமுனைகளில் நிறுத்தப்பட்ட செந்நிறப் பெட்டியைப் பற்றி ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கைப்பேசி எல்லார் கையிலும் விளங்கும் இக்காலத்தில் அப்பெட்டியாற் பயன் யாது எனப் பலர் வினவுவர். அவ்வினாவிற்கு விடை காண்டலே இக்கட்டுரையின் நோக்கம்.

பண்டை அறிவிப்பு முறைகள்

ஆபத்தை ஊரார்க்கு ஒலியால் அறிவித்தல் எல்லா நாட்டிற்கும் பொதுவான பழக்கம். நம் நாட்டில் பறையும், தமுக்கும், கோயில் மணியும் இத்தொழிலைச் செய்தன. இரவில் ஊர் சுற்றிய காவலன் தன் குரலையே கருவியாகக் கொண்டான். மாதாகோயில் மணி வேளை தவறி விரைந்து ஒலிக்குமாயின், வழிபாட்டிற்கன்றி வேறொன்றிற்கே அது அழைக்கின்றது என அயலார் உணர்ந்து ஓடி வருவர். ஐரோப்பிய நகரங்களில் உயர்ந்த கோபுரங்களின் மேல் காவலர் இரவும் பகலும் இருந்து, புகை கண்ட திசையை மணியாலும் விளக்காலும் காட்டினர்.

இம்முறைகட்கெல்லாம் ஒரு குறை உண்டு. மணியோசை 'தீ' என்று சொல்லும். 'எங்கே' என்று சொல்லாது. சிற்றூரில் இதனால் இடரில்லை. புகையைக் கண்டே இடத்தை அறியலாம். பல்லாயிரம் வீடுகள் நெருங்கிய நகரத்திலோ, 'எங்கே' என்னும் வினாவிற்கு விடை தேடும் நேரத்திலேயே தீ கைகடந்து விடுகின்றது.

பெட்டியின் பிறப்பு

தந்தி முறை பரவத் தொடங்கிய பின்னர், இவ்வினாவிற்கு அதனாலேயே விடை காணலாம் என அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரத்தார் இருவர் கருதினர். ஒருவர் வில்லியம் சானிங் என்னும் மருத்துவர். மற்றொருவர் மோசஸ் பார்மர் என்னும் மின்னியல் வல்லுநர். அவர்கள் வகுத்த அமைப்பு 1852-ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் அந்நகரில் இயங்கத் தொடங்கிற்று. தெருக்களில் இடைவெளியிட்டுப் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் தரப்பட்டது. கம்பிகள் யாவும் நடு நிலையம் ஒன்றிற் சென்று கூடின. பின்னர் ஜான் கேம்வெல் என்பார் இவ்வமைப்பின் உரிமையைப் பெற்று வேறு நகரங்களிலும் பரப்பினார். இலண்டன் மாநகரில், மாஸி ஷா என்பார் தீயணைப்புப் படைக்குத் தலைவராயிருந்தபொழுது, 1880-ஆம் ஆண்டளவில் தெருப்பெட்டிகள் நிறுத்தப்பட்டன.

அமைப்பும் இயக்கமும்

இப்பெட்டியின் உள்ளமைப்பு வியக்கத்தக்க எளிமை உடையது. கடிகாரத்தில் உள்ளது போன்ற வில்சுருள் ஒன்றும், விளிம்பிற் பற்கள் வெட்டிய சக்கரம் ஒன்றும் அதனுள் இருக்கும். பிடியை இழுத்தவுடன் சுருள் அவிழ்ந்து சக்கரத்தைச் சுழற்றும். பற்களும் இடைவெளிகளும் மாறி மாறி வருந்தோறும் கம்பியிற் செல்லும் மின்னோட்டம் அறுபட்டும் இணைந்தும் வரும். பெட்டியின் எண் 52 ஆயின், நிலையத்து மணி ஐந்து முறை ஒலித்து, சிறிது நின்று, பின் இரண்டு முறை ஒலிக்கும். அதே குறி தாள்நாடாவிலும் பதியும். காவலர் அட்டவணையை நோக்கி, 52-ஆம் பெட்டி எத்தெருவில் உள்ளது என ஒரு நொடியில் அறிந்து புறப்படுவர்.

இதன்கண் நாம் கருதற்குரிய சிறப்புகள் நான்கு.

முதலாவது, இழுத்தவர் ஒரு சொல்லும் பேச வேண்டுவதில்லை. அச்சத்தால் நாக்குழறியவரும், அவ்வூர் மொழி அறியாதவரும், வாய் பேசாதவரும் ஒரே வகையில் இதனைப் பயன்படுத்தலாம்.

இரண்டாவது, இடம் பிழைபடாது. பெட்டி நின்ற இடத்தை விட்டு நகர்வதன்று. ஆதலின் அதன் எண்ணே முகவரியாம்.

மூன்றாவது, இதன் கம்பி பிறர் பேச்சிற்கு உரியதன்று. பதினாயிரவர் ஒருங்கே தொலைபேசியில் அழைப்பினும் இக்கம்பியில் நெரிசல் உண்டாகாது.

நான்காவது, கம்பியில் மின்னோட்டம் எப்பொழுதும் ஓடிக்கொண்டே இருத்தலின், அஃது எங்கேனும் அறுந்தால் அவ்வறுதலே நிலையத்திற்குத் தெரிந்துவிடும். தன் பழுதைத் தானே அறிவிக்கும் கருவி இது. கையில் வைத்திருக்கும் கைப்பேசியிலோ, இணைப்பில்லை என்பது அதன் திரையை நோக்குவார்க்கே தெரியும்.

வரலாறு கற்பிக்கும் பாடங்கள்

எந்தக் கருவியும் அதனைக் கையாளும் மாந்தரின் அறிவிற்கேற்பவே பயன் தரும். இதற்குச் சான்றுகள் பல.

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் இரவு சிக்காகோ நகரில் தீ எழுந்தது. அந்நகரில் தெருப்பெட்டிகள் இருந்தன. எனினும் நகர மன்றக் கோபுரத்தின் மேலிருந்த காவலனின் கண்ணையே பெரிதும் நம்பினர். அவன் தொலைவிற் கண்ட ஒளியை மதிப்பிட்டு, 342-ஆம் பெட்டியின் எண்ணை ஒலிக்கச் சொன்னான். அப்பெட்டி தீ எழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தொலைவில் இருந்தது. சிறிது நேரத்தில் அவனே தன் பிழையை உணர்ந்து திருத்தம் கூறினான். ஆயினும் மற்றோர் எண்ணை ஒலித்தால் படையினர் மயங்குவர் என்று அஞ்சிக் கருவியாளர் அதனை மாற்றவில்லை. அத்தீயில் ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர்; ஓரிலக்கம் மக்கள் வீடிழந்தனர். வறட்சியும் காற்றும் மரவீடுகளும் அப்பேரழிவிற்குப் பெருங்காரணங்கள் என்பது உண்மையே. எனினும், தீயின் அருகிலிருந்து வரும் செய்திக்கும் தொலைவிலிருந்து ஊகித்த செய்திக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்ச்சி நன்கு விளக்குகின்றது.

மறு ஆண்டு, 1872 நவம்பர் 9-ஆம் நாள், பெட்டி பிறந்த பாஸ்டன் நகரமே தீக்கிரையாயிற்று. அக்காலத்தில் குறும்பர் பொய்யாக ஒலிப்பதைத் தடுக்கும் பொருட்டுப் பெட்டிகளைப் பூட்டி, திறவுகோலைக் காவலரிடத்தும் நம்பத்தக்க சிலரிடத்தும் கொடுத்து வைத்திருந்தனர். தீயைக் கண்டவர் பலர். திறவுகோல் உடையாரோ அருகில் இலர். 52-ஆம் பெட்டி ஒலித்தபொழுது தீ மேல்மாடங்களைப் பற்றியிருந்தது. அவ்வமயம் குதிரைகட்குக் கொள்ளை நோய் கண்டிருந்தமையால் வண்டிகளை ஆட்களே இழுத்துச் செல்ல நேர்ந்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. ஐயுறவினால் பூட்டப்பட்ட பொதுக்கருவி, வேண்டிய பொழுது பொதுமக்கட்கு உதவாது போகும் என்பதே இதனால் அறியும் பாடம்.

1906-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில், நடு நிலையத்து மின்கலங்கள் விழுந்து உடைந்தமையால் நகரின் பெட்டிகள் யாவும் ஒருங்கே ஊமையாயின. எல்லாக் கம்பிகளும் ஓரிடத்திற் கூடுமாயின், அவ்விடம் வலிவுடையதாதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தொலைபேசியும் குற்றமற்றதன்று. 1935-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் இலண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு பற்றி எரிந்தது. எதிர்வீட்டார் ஒருவர் தொலைபேசியை எடுத்து அழைத்தார். இணைப்பகத்தில் அழைப்புகள் பல காத்திருந்தமையால் அவரும் காத்திருக்க நேர்ந்தது. அத்தீயில் ஐந்து பெண்டிர் உயிரிழந்தனர். இந்நிகழ்ச்சி எழுப்பிய கிளர்ச்சியின் பயனாகவே 1937-ஆம் ஆண்டு சூன் 30-ஆம் நாள் 999 என்னும் அவசர எண் அந்நகரில் ஏற்பட்டது. நம் நாட்டில் இன்று வழங்கும் 101, 112 முதலிய எண்களும் அதே கருத்தினைப் பின்பற்றியனவே.

நம் நாட்டில்

சென்னையில் தீயணைப்புப் படை 1908-ஆம் ஆண்டு தோன்றிற்று. கல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வெஸ்ட்புரூக் என்பார் படைத்தலைவராயிருந்த காலத்தில், வார்ப்பிரும்பாலாகிய தெருப்பெட்டிகள் நிறுத்தப்பட்டன. அவற்றுட் சில இன்றும் அந்நகர்த் தெருக்களில் செயலற்று, பழமைச் சின்னங்களாக நிற்கின்றன. பம்பாயிலும் இத்தகைய பெட்டிகள் இருந்தன. அவற்றுள் ஒன்று நம் நாட்டு வரலாற்றின் மிகத் துயரமான தீ நிகழ்ச்சியிலே இடம் பெற்றது.

1944-ஆம் ஆண்டு ஏப்பிரல் 14-ஆம் நாள், பம்பாய் விக்டோரியா துறையில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற போர்ட் ஸ்டிகின் என்னும் கப்பலில் தீப்பற்றிற்று. பேரபாயம் என்னும் குறியைத் தலைமை நிலையத்திற்கு அறிவிக்குமாறு ஒருவர் தொலைபேசியண்டை அனுப்பப்பட்டார். அத்தொலைபேசியிலோ எண் சுழற்றும் தட்டு இல்லை. ஆகவே அவர் அருகிலிருந்த தீயறிவிப்புப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து ஒலித்தார். பெட்டி தன் கடமையைச் செய்தது. ஆயின் அது 'இவ்விடத்தில் தீ' என்று மட்டுமே சொல்லவல்லது. 'பெருந்தீ' என்று சொல்லவல்லதன்று. ஆகவே வழக்கம் போல இரண்டு வண்டிகளே முதலில் வந்தன என அந்நிகழ்ச்சியின் வரலாற்றை எழுதினோர் கூறுவர். அன்று பிற்பகல் கப்பல் வெடித்தது. பல நூற்றுவர் மாண்டனர்; அவருள் அறுபத்தறுவர் தீயணைப்புப் படையினர். ஆண்டுதோறும் ஏப்பிரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் கொண்டாடப்படும் தீத்தொண்டு வாரம் அவ்வீரர்களின் நினைவாக ஏற்பட்டதே.

இந்நிகழ்ச்சியினின்றும் நாம் அறிவது யாது? பெட்டியும் தொலைபேசியும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒன்று இடத்தைத் தவறாது காட்டும். மற்றொன்று அளவையும் தன்மையையும் விளக்கும். ஒன்று இல்லாத பொழுது மற்றொன்றாயினும் இருத்தல் வேண்டும். இரண்டும் இருப்பின் மிக நன்று.

கைவிடப்பட்ட காரணங்கள்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பல நகரங்கள் தெருப்பெட்டிகளை அகற்றின. அதற்கு மூன்று காரணங்கள் கூறப்பட்டன. வீடுதோறும் தொலைபேசி வந்துவிட்டமை ஒன்று. கம்பிகளையும் பெட்டிகளையும் பேணும் செலவு மற்றொன்று. சிறுவரும் குறும்பரும் வேடிக்கையாக இழுத்துப் பொய்யழைப்பு விடுத்தமை மூன்றாவது. இம்மூன்றும் வலிவுடைய காரணங்களே. அவற்றை எள்ளி ஒதுக்குதல் முறையன்று. வீணான அழைப்பிற்கு வண்டி சென்றிருக்குங்கால் உண்மையான தீ வேறிடத்தில் எழுமாயின், அக்குறும்பு உயிர்க்கொலையாக முடியும்.

ஆயினும் நியூயார்க்கு நகரில் நிகழ்ந்த வழக்கு ஒன்று இதன் மறுபுறத்தை உலகிற்குக் காட்டிற்று. அந்நகரில் பதினையாயிரம் அளவிற் பெட்டிகள் உள்ளன. 1990-களில் நகர ஆட்சியார் அவற்றை அகற்ற முனைந்தபொழுது, செவிப்புலன் இழந்தோர் சங்கம் ஒன்று அறமன்றத்தை நாடிற்று. தெருவில் நிற்கும் செவிடர் ஒருவர் பொதுத் தொலைபேசியில் எவ்வாறு பேசுவார்? பெட்டி ஒன்றே அவர்க்கும் பிறர்க்கும் சமமான வாயில் என்பது அவர்தம் வாதம். 1996-ஆம் ஆண்டு கூட்டாட்சி நீதிமன்றம் அதனை ஏற்று, பெட்டிகளை அகற்றுதலைத் தடுத்தது. 2011-ஆம் ஆண்டு நகர ஆட்சியார் மீண்டும் வேண்டியபொழுதும் அத்தடை நீக்கப்படவில்லை.

பாஸ்டன் நகரம் தன் பழைய அமைப்பை இன்றும் பேணி வருகின்றது. 2024-ஆம் ஆண்டு சூன் 18-ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலம் முழுவதும் 911 என்னும் அவசர எண் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் செயலற்றுப் போயிற்று. கணினிகளைக் காக்க அமைத்த காப்பமைப்பு ஒன்றே அழைப்புகளைத் தடுத்துவிட்டது. அப்பொழுது அந்நகர ஆட்சியார் மக்கட்குக் கூறிய அறிவுரைகளுள் ஒன்று, ஆபத்து நேரின் அருகிலுள்ள செந்நிறப் பெட்டியை இழுக்க என்பதே. நூற்றெழுபத்திரண்டு ஆண்டுகட்கு முன் வகுத்த முறை, இக்கால அறிவியல் தவறிய பொழுது காவல் நின்றது. பழையன யாவும் பயனற்றவை என்னும் கொள்கைக்கு இதனினும் தக்க மறுப்பு வேண்டுவதில்லை.

நம் வட்டாரத்தின் நிலை

இனி, கடலூர், சிதம்பரம், பண்ணுருட்டி ஆகிய நம் ஊர்களை நோக்குவாம். 'பாஸ்டன் எங்கே, திருவதிகை எங்கே?' என நகைப்பார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகின்றோம்.

2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே என்னும் புயல் கரை கடந்தது. பண்ணுருட்டியைச் சூழ்ந்த பலாவும் முந்திரியும் வேரொடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் வீழ்ந்தன. மின்சாரம் அற்றமையால் கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. விளக்கும் மெழுகுவர்த்தியும் விறகடுப்புமே துணையாகிய அந்நாட்களில்தான் தீயின் அச்சம் மிகுதி. அந்நாட்களில்தான் செய்தி அனுப்பும் வழி அறவே இல்லை. ஆபத்து மிகும்பொழுது உதவாத கருவியை மட்டும் நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகுமோ?

இரண்டாவது நிகழ்ச்சி மகிழ்ச்சி தருவது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கிற்று. தேவனாம்பட்டினம் முதலிய மீனவர் குடியிருப்புகள் பேரிழப்பு எய்தின. கடலூருக்கு வடக்கே, புதுவையைச் சார்ந்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த அறிவு மையம் ஒன்றும் ஒலிபெருக்கியும் இருந்தன. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து தொலைபேசியில் எச்சரித்தார். உடனே ஊரார் ஒலிபெருக்கி வழியே யாவரையும் எச்சரிக்க, மக்கள் வீடுகளை விட்டு ஓடி உயிர் தப்பினர். கடல் தாண்டித் தொலைபேசி கொணர்ந்த செய்தி ஒருவர் செவியோடு நின்றிருப்பின் ஊர் பிழைத்திராது. ஊர்க்குப் பொதுவாக நின்ற கருவியே அச்செய்தியை எல்லார்க்கும் உரியதாக்கிற்று. தனியுடைமையாகிய கைப்பேசிக்கும் பொதுவுடைமையாகிய அறிவிப்புக் கருவிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாம்.

வேறோர் இடர்ப்பாட்டையும் நாம் கருதுதல் வேண்டும். நம் ஊர்களில் தெருப்பெயர்கள் ஒன்றுபோல் அமைந்தன. மாரியம்மன் கோயில் தெரு இல்லாத ஊர் உண்டோ? கீழத்தெருவும் மேட்டுத்தெருவும் எத்தனை! 'மாரியம்மன் கோயில் தெருவில் தீ' என நடுங்கிய குரலில் ஒருவர் கூறிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டால், எந்த ஊர் மாரியம்மன் என நிலையத்தார் தேடவேண்டும். ஆருத்திரா தரிசனத்திற்குச் சிதம்பரம் வந்த வெளிநாட்டு யாத்திரிகர், தாம் நிற்பது கீழ வீதியோ மேல வீதியோ என எங்ஙனம் அறிவர்? தேர்த் திருவிழா நாட்களில் பல்லாயிரவர் ஒருங்கே கைப்பேசியில் பேச முயல்வதால் இணைப்புக் கிடைத்தலே அரிதாகின்றது. எண் பொறித்த பெட்டி ஒன்று வீதி முனையில் நிற்குமாயின் இவ்வினாக்களுக்கெல்லாம் அதுவே விடையாம்.

இன்னும் ஒன்று. தீயினால் மிகுதியாக வருந்துவோர் கீற்றுக் கூரைகளின் கீழ் வாழும் ஏழை மக்கள். கோடையில் உலர்ந்த பனையோலையும் தென்னங்கீற்றும் வைக்கோலும் பொறிபட்ட அளவில் பற்றிக்கொள்ளும். காற்று அடித்தால் ஒரு கூரையினின்று மறு கூரைக்குத் தாவும். அக்குடிசைகளில் முதியோரும் சிறுவருமே பகலில் இருப்பர். வேலைக்குச் சென்றவர் கைப்பேசியைத் தம்முடன் கொண்டு செல்வர். வீட்டில் எஞ்சிய பாட்டிக்கும் பேரக்குழந்தைக்கும் உதவும் கருவி, தெருமுனையில் நிற்பதும், எழுத்தறிவு வேண்டாததும், காசு வேண்டாததும் ஆகிய ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

தடைகளும் விடைகளும்

'பொய்யழைப்பு மிகுமே' என்பது முதல் தடை. இதற்கு நம் நாட்டிலேயே தக்க விடை உண்டு. புகைவண்டிப் பெட்டிதோறும் தொங்கும் அபாயச் சங்கிலியை யாவரும் அறிவர். அதனைக் காரணமின்றி இழுப்பார்க்கு 1989-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் 141-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படும். ஆயினும் வீணாக இழுப்பார் இன்றும் உளர். அது பற்றிச் சங்கிலியை அறுத்தெறிய வேண்டும் என்பார் எவரும் இலர். பயணிகள் எல்லாரிடமும் கைப்பேசி உண்டே என்று வாதிப்பாரும் இலர். ஓடும் வண்டிக்குப் பொருந்தும் நெறி உறங்கும் தெருவிற்குப் பொருந்தாது போமோ? பெட்டி இழுக்கப்பட்டவுடன் அவ்விடத்திலேயே உரத்த மணி ஒலிக்குமாறு அமைத்தால், குறும்பர் அஞ்சுவர். உண்மையான தீயாயின் அயலார் வண்டி வருமுன்னரே குடத்துடன் ஓடி வருவர். ஒரே கருவி இரு பயன் தரும்.

'செலவு மிகுமே' என்பது இரண்டாவது தடை. தெருத்தோறும் பெட்டி வேண்டும் என யாம் கூறவில்லை. கடலூரில் முதுநகர்த் துறைமுகப் பகுதி, திருப்பாதிரிப்புலியூர்க் கடைவீதி, மஞ்சக்குப்பத்து மருத்துவமனைச் சூழல், கடற்கரைக் குடியிருப்புகள்; சிதம்பரத்தில் நான்கு தேர் வீதிகள்; பண்ணுருட்டியில் சந்தையும் முந்திரிக் கிடங்குகள் உள்ள இடங்களும்; திருவதிகையில் தேரோடும் வீதி ஆகிய நெருக்கமான இடங்களில் ஒவ்வொன்று நிறுத்தினும் போதும். பழைய முறைப்படி நெடுந்தொலைவு கம்பி இழுக்கவும் வேண்டுவதில்லை. கதிரவன் ஒளியால் நிரம்பும் மின்கலமும், வானொலி அலையால் நேரே தீயணைப்பு நிலையத்திற்குக் குறி அனுப்பும் கருவியும் இக்காலத்திற் கிடைப்பன. செய்தி சேர்ந்தது என்பதைக் காட்டும் சிறு விளக்கு ஒன்றும் அதன்மேல் அமைந்தால், செவிப்புலன் இழந்தவரும் ஐயமின்றி ஆறுதல் பெறுவர்.

'பெட்டி இருந்தால் தீ விபத்துகள் ஒழியுமோ?' என்பது மூன்றாவது தடை. ஒழியா. 2004-ஆம் ஆண்டு சூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கீற்றுக் கூரையில் தீப்பற்றித் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் மாண்ட கொடுமையை நாடு மறவாது. அத்தகைய இடங்களில் எவ்வளவு விரைவாகச் செய்தி சென்றாலும் தீ அதனினும் விரைந்து செல்லும். வெடிமருந்துச் சாலைகளில் நேரும் விபத்துகளும் அத்தகையனவே. அங்குத் தேவை, தீப்பற்றாத கூரையும் அகன்ற வாயிலும் சட்டத்தை வழுவாது நடத்துதலும் ஆகும். அறிவிப்புப் பெட்டி இவற்றிற்கு ஈடாகாது. இவற்றோடு சேர்ந்த துணையே ஆகும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து எனக் கூறுவார் சொல்லை நம்பலாகாது என்பதை யாமும் ஒப்புகின்றோம்.

மாணவர் கடமை

இப்பெட்டியின் வழித்தோன்றல் ஒன்று நம் கண் முன்னரே உள்ளது. பெரிய கட்டடங்களிலும் மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் சுவரிற் பதித்த சிறு செந்நிறப் பெட்டியைக் காண்கின்றோம். 'கண்ணாடியை உடைத்து அழுத்துக' என்னும் சொற்கள் அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோருள், அஃது இயங்குகின்றதோ என வினவியவர் எத்தனை பேர்? அதனை அழுத்தினால் மணி எங்கே ஒலிக்கும் என அறிந்தவர் எத்தனை பேர்? அதன் முன்னர் அலமாரியும் பழைய நாற்காலிகளும் அடுக்கி மறைத்த இடங்களும் உள. பேணப்படாத கருவி இல்லாத கருவியினும் தீயது. இல்லாததை எவரும் நம்பார், பேணப்படாததையோ நம்பிக் கெடுவர்.

ஆகவே நம் கல்லூரி மாணவர் செய்யத்தக்க சிறு பணிகள் சிலவற்றைக் குறிப்பிட விரும்புகின்றோம். ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதத் தீத்தொண்டு வாரத்தில் விடுதிகளிலும் வகுப்புக் கட்டடங்களிலும் உள்ள பெட்டிகளைத் தீயணைப்பு நிலையத்தார் துணைகொண்டு சோதித்தல் ஒன்று. நாட்டு நலப்பணித் திட்டத்தின் வாயிலாக அயலிலுள்ள குடிசைப் பகுதிகளுக்குச் சென்று, 101 என்னும் எண்ணையும், அழைக்குங்கால் ஊர்ப்பெயர், தெருப்பெயர், அருகிலுள்ள அடையாளம் ஆகிய மூன்றனையும் முதலிற் கூறவேண்டும் என்பதையும் முதியோர்க்கும் சிறுவர்க்கும் கற்பித்தல் மற்றொன்று. ஒவ்வொரு தெருவிலும் எந்த மணியை, எந்த ஒலிபெருக்கியை ஆபத்துக் காலத்தில் ஒலிப்பது என ஊரார் முன்னரே உடன்பட்டுக்கொள்ளச் செய்தல் மூன்றாவது. இவற்றிற்குப் பொருட்செலவு சிறிதே, வேண்டுவது ஊக்கமே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தெருமுனைத் தீயறிவிப்புப் பெட்டியின் வரலாறும் இயல்பும், அதனாற் பெற்ற நன்மையும் அதன் குறைகளும் ஒருவாறு விளங்கும். பிறநாட்டார் ஒன்றைக் கைவிட்டனர் என்பதனாலேயே அது பயனற்றதாகாது; பிறநாட்டார் ஒன்றைப் பேணுகின்றனர் என்பதனாலேயே நமக்கும் அது வேண்டும் என்பதுமன்று. நம் ஊரின் காற்றையும் கூரையையும், புயலையும் திருவிழாவையும், பேச இயலாதாரையும் கைப்பேசி இல்லாதாரையும் எண்ணிப் பார்த்தே முடிவு கட்டுதல் வேண்டும். அங்ஙனம் எண்ணுவார்க்கு ஒன்று தெளிவாகப் புலப்படும். செய்தி செல்லும் வழி ஒன்றேயாயின், அவ்வழி அடைபடும் நாள் ஒன்று வந்தே தீரும். அந்நாளில் மற்றொரு வழி திறந்திருத்தல் வேண்டும். வீடு பற்றிய பின் கிணறு வெட்டப் புகுந்தார் கதை நமக்கு ஆகாது. கிணறும் வேண்டும், தீயென்று கூவும் குரலும் வேண்டும், அக்குரல் இல்லாதார்க்கு ஒரு பெட்டியும் வேண்டும்.